கெம்பஸ் விண்ணப்பத்தைக் கடைக்காரர் கையில் கொடுக்கும் முன்

உயர்தரப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலையில் ஆசிரியர்கள், ஹட்டனில் டியூஷன், போனில் யூடியூப் என்று ஏதோ ஒரு வழி உண்டு. ஆனால் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு முன்னால் யாரும் கெம்பஸ் போனதில்லை. அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா ஃபெக்டரியில் வேலை. இரண்டு பேருக்கும் என் மேல் நிறைய நம்பிக்கை இருந்தது. ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை என்றால் வீட்டில் யாரிடம் கேட்பது? விண்ணப்பித்த அந்த வாரங்களில் அழுத அளவுக்கு நான் பரீட்சைக் காலத்தில்கூட அழவில்லை. அடுத்து வருகிற பிள்ளைகள் இதில் பாதியாவது தப்பிக்க வேண்டும் என்றுதான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் எழுதியது 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரம். பரீட்சை 2024 ஜனவரியில் நடந்து, மே 31இல் பெறுபேறு வந்தது. மே கடைசி என்றால் எங்கள் பக்கம் மழை தொடங்கிவிடும். அன்று கரண்ட் இல்லை, லயத்துக்குள் சிக்னலும் இல்லை. கோயிலுக்கு மேலே ரோட்டு வளைவில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். அங்கே குடை பிடித்துக்கொண்டுதான் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சுட்டெண்ணைப் போட்டேன். வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் நல்ல சித்தி. அதற்குக் கீழே இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று மூன்று எண்கள். அப்பா "பாஸா?" என்று மட்டும் கேட்டார். பாஸ் என்றேன். அந்த மூன்று எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கப்படுத்த அன்று எனக்கே தெரியாது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் எல்லாருடைய சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணக்கிட்டு எடுக்கிற எண்தான் இசட் புள்ளி. மற்ற இரண்டும் மாவட்டத்திலும் நாடு முழுவதிலும் நீங்கள் எத்தனையாவது என்பது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2001இலிருந்து இசட் புள்ளியை வைத்துத்தான் மாணவர்களைத் தெரிவு செய்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்குப் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. அதனால் கொழும்புப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வட்ஸ்அப் குழுவில் "இந்த இசட் புள்ளிக்கு ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் மனசு விட்டுவிடாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்னார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் மாவட்ட வாரியான வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு பாடநெறிக்கு எடுபட்ட ஆகக் குறைந்த இசட் புள்ளி, அட்டவணை ஆணைக்குழுவின் தளத்திலேயே இருப்பதைக் கண்டுபிடித்தேன். முந்தைய ஆண்டுகளின் அட்டவணையைத் திறந்து, உங்கள் மாவட்டத்தின் வரிசையில் மட்டும் விரலை வைத்துப் பாருங்கள். வேறு மாவட்டத்தில் போய் உயர்தரம் படித்தவர்கள், எந்த மாவட்டத்தின் கீழ் தாங்கள் வருவோம் என்ற விதியை ஆணைக்குழுவின் விண்ணப்பக் கைந்நூலில் வாசிக்காமல் எதையும் நிரப்பக் கூடாது.

அடுத்தது பெயர். இதுதான் என்னை முதலில் வாட்டியது. என் பிறப்புச் சான்றிதழில் பெயரின் கடைசிப் பகுதி 'லெட்சுமி'. பாடசாலைப் பதிவில் 'லட்சுமி'. அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் மூன்றாவது ஒரு விதம் வரும். அப்பாவின் பெயரிலும் இதே கதை. மலையகத்தில் இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. சொல்லக் கேட்டு, தமிழ் தெரியாத ஒருவர் சிங்களத்தில் எழுதிய பெயர்களோடு எத்தனையோ பேர் இருக்கிறோம். கடதாசியில் விண்ணப்பித்த காலத்தில் ஒரு எழுத்து வித்தியாசத்தை வாசிக்கிற மனிதர் புரிந்துகொண்டிருப்பார். கணினிக்கு அது வேறு ஆள்.

பெயர் வேறுபாட்டுக்கு ஒரு சத்தியக் கடதாசி முடித்து சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கச் சொன்னார்கள். அவரைத் தேடிப் போனால் ஒரு நாள் இல்லை, அடுத்த நாள் கலியாண வீட்டில். கடதாசி தட்டச்சு செய்யக் காசு, பஸ்ஸுக்குக் காசு. நான் தனியாகப் போகக் கூடாது என்று அம்மா கூட வந்ததால் அவருக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் வேலை கணக்கில் விழாது. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். அம்மா வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அந்த ஆயிரம் எங்கள் கணக்கில் செலவுதான். கிராம உத்தியோகத்தரின் கடிதத்திலும் ஒரு சிக்கல் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் 5 ஆக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் 10 ஆகிவிட்டன. எங்கள் பழைய ஆவணங்களில் அம்பகமுவ, புதியவற்றில் நோர்வூட். இரண்டும் ஒரே வீடுதான் என்று நான் ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது உயர்தரம் முதலாம் வருடத்தில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றையும் மேசையில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே சரி பண்ணுங்கள், அல்லது சத்தியக் கடதாசியை முடித்து வையுங்கள். பெறுபேறு வந்த பிறகு கிடைக்கிற கொஞ்ச வாரங்கள் இதற்குப் போதாது. பரீட்சை விண்ணப்பத்தில் எந்த எழுத்தில் பெயர் போனதோ அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்கள் ஒருவாறு சேர்ந்தன. விண்ணப்பம் ஒன்லைனில் மட்டும்தான். வீட்டில் கணினி இல்லை. அப்பாவின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் எல்லாரும் போகிற மாதிரி டவுனில் ஒரு கொமினிகேஷனுக்குப் போனேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போட் படம் எல்லாம் ஒரே கடையில். என்னைப் போல ஏழெட்டுப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வாசலில் நின்றார்கள். அங்கே வேலை செய்கிற அண்ணன் ரொம்ப வேகமான ஆள். "தங்கச்சி, ஒன்னும் பயப்படாதீங்க, நாங்க எத்தனை பேருக்குப் போட்டிருக்கோம்" என்றார். கட்டணம் 2,500 ரூபாய்.

பதிவு செய்யும்போது போனுக்கு ஓடிபி வர வேண்டும். நான் கொடுத்த அப்பாவின் நம்பருக்கு அது வரவில்லை, வெளியே வரிசை நீளுகிறது. அவர் தன் நம்பரையும் கடையின் மின்னஞ்சலையும் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். "பரவாயில்லையா அண்ணே?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது" என்றார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். நான் என் சீஆர் கொப்பியின் பின்பக்கத்தில், வெட்டுப்புள்ளி அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய முன்னுரிமைப் பட்டியலைக் கொண்டு போயிருந்தேன். பேராதனை முகாமைத்துவம் முதலாவது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கிற அந்தக் குறியீடும் எழுதியிருந்தேன். கொப்பியை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு கீபோர்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துத் தட்டத் தொடங்கினார். அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் மங்கிப்போயிருந்தது. வர்த்தகப் பிரிவுத் தமிழ்ப் பிள்ளை என்றால் இந்த வரிசை என்று யாரோ எப்போதோ எழுதிய பல்கலைக்கழகப் பட்டியல்: யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஒலுவில். என் கொப்பியில் உள்ளதைப் போடச் சொன்னேன். போட்டிருக்கேன் என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பிரிண்டைப் பார்க்கிறேன், பேராதனை ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. கையெல்லாம் நடுங்கியது. யாழ்ப்பாணமோ ஒலுவிலோ குறைந்த இடம் என்று நான் சொல்லவில்லை. என் சிநேகிதிகள் அங்கே நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு நிலைமைக்கு ஒரு அவசரம் என்றால் அன்றே வீட்டுக்கு வந்து சேர முடிகிற இடம் எனக்கு முக்கியம். இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்றால், உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்ப்பார்கள். உங்கள் புள்ளி போதுமான முதல் பாடநெறி எதுவோ அதுவே உங்களுக்கு. அதற்குக் கீழே எழுதியதைப் பார்க்கவே மாட்டார்கள். நாலாவதில் இடம் கிடைத்தால் ஐந்தாவதில் இருக்கிற உங்கள் ஆசை அங்கேயே முடிந்தது. வரிசையில்தான் உங்கள் அடுத்த நாலு வருடமும் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டிய தாளிடம் விட்டுவிடாதீர்கள்.

முடிவுத் திகதி வரை வரிசையை மாற்றலாம். ஆனால் மாற்ற உள்ளே போக வேண்டும், உள்ளே போகப் பாஸ்வேர்ட் வேண்டும், அது கடையில். அடுத்த நாள் போனால் அந்த அண்ணன் கண்டிக்குப் போய்விட்டாராம். முதலாளி, மாற்றுவதென்றால் இன்னொரு 1,500 ஆகும் என்றார். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதென்று போட்டுப் பார்த்தால், புதியதை அமைக்கும் செய்தி கடையின் மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. என் பெயர், என் சுட்டெண், என் புள்ளி. எனக்கு மட்டும் அதற்குள் போக வழியில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. 1919க்கு அடித்தேன். அது அரசாங்கத் தகவல் நிலையம், மூன்று மொழியிலும் பேசுவார்கள். தமிழில் பொறுமையாகக் கேட்டு, எந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்த இலக்கத்தில் பல தடவை லைன் கிடைக்கவில்லை. திகதி நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கடை வாசலிலேயே உட்கார்ந்தேன். அந்த அண்ணன் வந்ததும் 1,500ஐக் கொடுத்து, பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் என் கொப்பியோடு சரிபார்த்து மாற்ற வைத்தேன். மின்னஞ்சலையும் என் சொந்த முகவரிக்கு மாற்றினோம். அப்போது கடையின் மின்னஞ்சலைத் திறந்தபோது தெரிந்தது, நான் பதிவேற்றிய ஒரு ஆவணம் தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும் என்று எனக்கு வந்த செய்தி நாள்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தது. அதைச் சுற்றி இன்னும் எத்தனையோ பிள்ளைகளின் பெயர்களில் வந்த செய்திகள். அவர்களுக்கெல்லாம் யார் சொன்னார்களோ தெரியாது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒரு சிம், உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் இரண்டையும் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்ய மட்டும்தான் கடைக்காரருக்குக் காசு கொடுக்கிறோம். பாஸ்வேர்ட் போடும்போது கீபோர்டை நீங்கள் வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம், பின்னால் வரிசை நிற்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். ஓடிபி வரவில்லை என்றால் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள். கடையின் நம்பரை மட்டும் போட விடாதீர்கள். "அனுப்பு" என்பதை அழுத்துமுன் முழுப் பட்டியலையும் திரையிலேயே வாசியுங்கள். ஸ்கேன் செய்த ஆவணங்களைப் பெரிதாக்கி, முத்திரையில் உள்ள எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். விண்ணப்ப முறையில் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். எதைப் பதிவேற்ற வேண்டும், எதைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பதற்கு அந்த வருடக் கைந்நூல்தான் சாட்சி, போன வருடம் போன அக்கா இல்லை.

இன்னொன்று, எல்லாப் பாடநெறிக்கும் இந்த ஒரு விண்ணப்பம் போதாது. கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, இசை, நடனம் மாதிரியானவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். என்னோடு படித்த ஒருத்தி சின்ன வயதிலிருந்து பரதம் ஆடுபவள். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய கனவு. தனி விண்ணப்பம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வந்தபோது திகதி முடிந்திருந்தது. அவள் அழுததைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு ஆசை உங்களுக்கு இருந்தால் பெறுபேறு வந்த நாளிலிருந்தே அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தையும் பத்திரிகை விளம்பரங்களையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தெரிவானது எனக்குத் தளத்தில்தான் முதலில் தெரிந்தது. பேராதனை. ரோட்டு வளைவில் நின்று வாசித்துவிட்டு ஓடினேன். கடிதம் என் கைக்கு வந்தபோது பதிவு செய்யும் வேலையே முடிந்துவிட்டது. தோட்டத்தில் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலோ வரும். என்னுடையது கீழ்க்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், அப்பாவின் பெயரிலேயே இருக்கிற இன்னொரு குடும்பத்துக்குப் போய், அவர்கள் வீட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் கடிதத்தை நம்பி நான் உட்கார்ந்திருந்தால் பதிவுத் திகதி போயிருக்கும். பதிவு செய்யாத இடம் வேறு ஒருவருக்குப் போகும். பெறுபேற்றுக்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தடவையாவது தளத்தையும் மின்னஞ்சலையும் பாருங்கள். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் முன்கூட்டியே போய், இப்படி ஒரு கடிதம் வரும், எனக்கு ஒரு கோல் எடுங்கள் என்று சொல்லி வையுங்கள்.

பதிவுக்குக் கட்ட வேண்டியிருந்த தொகை சிறியது. ஆனால் கார்டில் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் யாரிடமும் கார்ட் இல்லை. கடையில் அதற்கும் 500 கேட்டார்கள். இந்த முறை நான் கடைக்குப் போகவில்லை. பாடசாலையில் ஒரு டீச்சரிடம் கேட்டேன், அவர் தன் கார்டில் உடனே கட்டித் தந்தார். பதினெட்டு வயதானதும் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் டெபிட் கார்டும் எடுத்துவிடுங்கள். பிறகும் அது தேவைப்படும். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், அம்மாவின் போன பேர்களோடு சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. இலவசக் கல்வி உள்ள நாட்டில், ஒரு படிவத்தை நிரப்ப.

ஒன்லைன் முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்புக்குத் தபாலில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று காத்திருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். என் வரிசையை என்னால் மாற்ற முடிந்ததும், கடிதம் வராமலே பதிவு செய்ய முடிந்ததும் இதனால்தான். ஆனால் சொந்த போன், சொந்த மேசை, வீட்டு இலக்கம், வங்கிக் கார்ட் எல்லாம் உள்ள ஒரு பிள்ளையை மனதில் வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். அது இல்லாத பிள்ளைக்கு நடுவில் ஒரு கடை வந்து நிற்கிறது. எங்கள் பாடசாலைகள் பலவற்றில் கணினி அறை இருக்கிறது. விண்ணப்பக் காலத்தில் மட்டும் அதைப் பின்னேரங்களில் திறந்து, ஒரு ஆசிரியரை உட்கார வைத்தால் போதும். புதிய கட்டடமோ புதிய திட்டமோ தேவையில்லை. அதிபர்களிடம் இதைப் பெற்றோர் கேட்க வேண்டும். பழைய மாணவர்கள் நாங்களும் விடுமுறையில் வந்து உதவலாம். நான் வருகிறேன் என்று என் பாடசாலையில் சொல்லியிருக்கிறேன்.

இடம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், மகாபொல புலமைப்பரிசிலும் உதவுதொகையும் தானாக வராது, அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானத்தைக் காட்ட அம்மா அப்பா இருவரின் சம்பளத் துண்டுகளும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். எங்கள் வீடுகளில் சம்பளத் துண்டை அடுப்பு பற்றவைக்க எடுத்துவிடுவது வழக்கம். உயர்தரம் எழுதிய மாதத்திலிருந்தே ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தொலைந்துவிட்டால் தோட்ட ஆபீசில் பிரதி கேட்கலாம், ஆனால் அவர்கள் எடுத்துத் தர நாளாகும், அதனால் கெம்பஸ் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.